உடுவில் அண்ணையின்ரை போர்க்கப்பல்

இண்டைக்குச் சரியான வயித்தெரிச்சலோடை எழுதுறன்.

என்னை மாதிரியே பெட்டியிலை வாற பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிச் சின்னப் போர்க்கப்பல் செய்யிற அண்ணை ஒராள் உடுவிலிலை இருக்கிறார். பின்னேரம் மனிசியோடை பாக்கப் போனன்.

கொடிமரத்திலை இழுத்துக் கட்டின கம்பியள் அவ்வளவு மெல்லிசு. நான் கட்டினது மீன் பிடிக்கிற தங்கூசி நூல். அண்ணையின்ரை கம்பிக்குப் பக்கத்திலை என்ரை வேலிக்கம்பி மாதிரி.

"எதாலை அண்ணை கட்டினனீங்கள்?"

"இவவின்ரை தலைமயிர்" எண்டு தன்ரை மனிசியைக் காட்டினார். "தலை முழுகின அண்டு எடுக்கோணும். எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது."

எட்டு மாசமாய் என்ரை கப்பலைத் "தூசு பிடிக்கிற சாமான்" எண்ட என்ரை மனிசி, அந்தக் கப்பலோடை செல்ஃபி எடுத்தா.

ஒரு பிழையாவது இருக்காதோ எண்டு குனிஞ்சு பாத்தன். இருந்தது! அடியிலை தண்ணியைத் தள்ளுற ரெண்டு விசிறியையும் இடம் வலம் மாத்தி ஒட்டியிருக்கிறார். உந்தக் கப்பல் ஓடினால் பின்னுக்குத்தான் போகும்.

பிழையை எனக்குள்ளையே வைச்சுக்கொண்டு, ரெண்டாவது தேத்தண்ணியும் கேட்டு வாங்கிக் குடிச்சன்.

கொக்குவிலுக்குத் திரும்பி வரேக்கை மனிசிக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சன். அவ வீட்டை வந்ததும் என்ரை கப்பலைக் கவிட்டு, பெட்டியோடை வந்த படத்தையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தா.

"இஞ்சருங்கோ, உங்கடையும் பின்னுக்குத்தான் போகும் போலை கிடக்கு."

ரெண்டு தலைமயிர் கேப்பம் எண்டு இருந்தனான். அவ இப்ப தலை நிறைய எண்ணெய் வைச்சுக்கொண்டு இருக்கிறா.

ஒட்டின விசிறியை உடைக்காமல் கழட்டத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. உடுவில் அண்ணையிட்டை மட்டும் நான் கேக்க மாட்டன்.