சிவப்புப் புள்ளி வைத்த கோப்பை

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குக் காய்கறி வாங்கப் போனால் மற்றவர்களுக்குக் கறிவேப்பிலை மணக்கும். நானோ மூலையிலிருக்கும் சலவைக்கடை முன்னால் நின்றுவிடுவேன். கதவு திறக்கும்போது சூடான படுக்கைவிரிப்பின் வாசம் வரும். நேற்றும் நின்றேன். பையில் முருங்கைக்காய்.

பாரிசில் என் முதல் ஒன்பது வருடங்கள் அந்த வாசத்தில்தான் போயின. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். நாளுக்குப் பதினாறு அறைகள். விரிப்பின் மூலையைக் கடித உறைபோல மடித்துச் செருகுவதில் என்னை வெல்ல ஆளில்லை. சொல்லிக்கொள்ள வேறு சாதனையும் இல்லை.

ஓட்டல் நிலவறையில் தேநீருக்குக் கூடுபவர்கள் நாங்கள் ஐந்து தமிழர். புதிதாக ஒருவர் வந்தால் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிடுவோம்: "ஊரிலை எவடம், அண்ணை?" ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்போம், கோயிலைச் சொன்னால் தெருவை. நீங்கள் அறியாததா? கடிதம் போடவா கேட்கிறோம்? சாதி பார்க்கத்தான். தேவன் என்றொருவர் வந்தார். ஒளிக்காமல் பதில் சொன்னார். அங்கே எல்லாம் ஒரே வெள்ளைக் கோப்பைகள். மறுநாள், யாரோ விருந்தாளி விட்டுப்போன நகப்பூச்சால் என் கோப்பையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன், அவருடையதோடு மாறிவிடக் கூடாதென்று. தேவன் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளிலிருந்து கடதாசிக் குவளை கொண்டுவந்தார். நாலு மாதத்தில் போய்விட்டார்.

ஓட்டல் மூடியபோது அந்தக் கோப்பைகளில் என்னுடையதோடு ஆறு எங்கள் வீட்டுக்கு வந்தன. மகள் ஆரணிக்குப் புள்ளியின் கதையைப் பகிடியாகச் சொல்லியே வளர்த்தேன். அவள் ஒருமுறையாவது சிரித்தாளா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

போன வருடம் ஆரணி எங்களைக் கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்குக் கூட்டிப்போனாள். புயலில் கூரை பறந்து, திரும்பக் கட்டியெழுப்பிய கடற்கரை ஓட்டல். பழைய மரத்தூண்கள், புது வர்ணம், யன்னல் முழுக்கக் கடல். அவள் கலியாணம் கட்ட விரும்பிய லோயிக்கின் தாய் அங்கே அறைப் பணியாளர்களுக்குத் தலைவி. பார்த்துப் பேசி, சம்மதம் சொல்ல வந்திருந்தோம்.

முதல் காலையே கட்டிலை நான் விரித்துவிட்டேன்.

"விட்டிட்டு வாங்கோவன். இஞ்சை உங்களுக்கு ஆர் சம்பளம் தரப்போகினம்?" என்றாள் மனைவி.

ஆரணியோடு அந்த அம்மா உள்ளே வந்தார். கட்டிலின் மூலையைப் பார்த்துச் சிரித்தார். மறு மூலையை இழுத்துத் தானும் மடித்துக் காட்டினார். அதே மடிப்பு. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் பழகிய கேள்வியைக் கேட்டது, பிரெஞ்சில்: உங்கள் ஆட்கள் இந்தியாவில் எந்த ஊர்?

"தெரியாது, மிசியூ. கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்கள். இதுதான் மிச்சம்." சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைப் பெருமையோடு தொட்டார். ராமசாமி.

சிரித்த முகம் மாறாமல் மனைவியிடம் தமிழில் சொன்னேன்: "கப்பலிலை கூலிக்கு வந்த சனம். என்ன சாதியெண்டு தங்களுக்கே தெரியாது. இதுகளின்ரை வீட்டிலை எப்பிடிக் கை நனைக்கிறது?"

ஆரணி தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. பாதிதான் விளங்கும் என்று நினைத்திருந்தேன். அவள் அவ்வளவையும் அந்த அம்மாவுக்கு நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னாள், ஒரு சொல் விடாமல். கை நனைப்பது என்றால் என்னவென்றுகூட விளக்கினாள்.

அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு விரிப்பிலிருந்து கையை எடுத்தார்.

"உங்களுக்கு வேலை தெரியும். இனி நான் ஆள் அனுப்பத் தேவையில்லை."

மிச்ச நாலு நாளும் எங்கள் அறைக்கு யாரும் வரவில்லை. குளியல் துவாய் நானே போய் எடுத்துவந்தேன். மணலை நானே கூட்டினேன். கட்டிலையும் விரித்தேன், மூலை பிசகாமல்.

இந்த வசந்தத்தில் ஆரணி தன் சாமான்களை எடுக்கப் பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடைசியாக அந்தக் கோப்பையை எடுத்து, நகப்பூச்சு அழிக்கும் பஞ்சால் புள்ளியைத் தேய்த்தாள். அன்றைக்கு முழுக்கத் தமிழில்தான் கதைத்தாள்.

"கலியாணம் முடிஞ்சுது, அப்பா. வந்த ஆக்கள் ஒருத்தரும் என்ன சாதியெண்டு எனக்குத் தெரியாது. அதாலை உங்களைக் கூப்பிடேல்லை."

கோப்பையை மற்ற ஐந்தோடும் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டுத் திறப்பைத் தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துப் போனாள். அதற்குப் பிறகு நான் எப்போது அழைத்தாலும் அவள் தொலைபேசி அடித்து அடித்து நிற்கிறது.

காலையில் அலமாரியைத் திறக்கிறேன். ஆறும் ஒரே வெள்ளை. எது என்னுடையதென்று தெரியவில்லை. கைக்கு வந்ததில் குடிக்கிறேன்.