நான் கீறி வெட்டின நாடு

பெரிய ஆட்களை நான் நம்புவதில்லை. பெரிய ரீம்களையும்தான். ஆபிரிக்கக் கிண்ணக் காற்பந்து தொடங்கினால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முடிந்துபோன மாதத்துக் கலண்டர் தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தில் எல்லா நாட்டையும் எழுதி, அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் வீட்டுக்காரர் ஒரு நாட்டைச் சொல்வார், நான் ஒன்றைச் சொல்வேன். ஆட்டம் தொடங்க முதல் எழுதியாக வேண்டும், எழுதினால் மாற்ற ஏலாது. போட்டியை விட்டு வெளியே போன நாட்டைச் சிவப்புப் பேனையால் கீறி வெட்டுவது என் வேலை. வெளியே போன பிறகுதான் வெட்டலாம், அதுவும் சட்டம்.

அவர் நாவற்குடாவில் எங்கள் கோயில் பக்கத்துக் கழகத்துக்குக் கோல் காக்கிற கோலியாக நின்றவர். கட்டாருக்குக் கட்டட வேலையில் கம்பி கட்டப் போய், கமரூன்காரனோடும் மாலிக்காரனோடும் ஒரே அறையில் படுத்தெழும்பியதில் இந்த ஆபிரிக்கப் பைத்தியம் பிடித்தது. அங்கிருந்து எனக்கும் தொற்ற வைத்தார். நான் தாளைப் படம் எடுத்து வட்சப்பில் அனுப்புவேன், அவர் குரலில் பதில் போடுவார்.

அவர் சொல்வதற்கெல்லாம் காரணம் இருக்கும். எவனுக்குக் கால் நோ, எவன் ஐரோப்பாவில் எந்த இடத்தில் விளையாடுகிறான், எல்லாம் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்குக் காரணம் தெரியாது. தேசிய கீதம் பாடும்போது கமரா ஒவ்வொருவனுடைய முகமாகப் போகும் அல்லவா, அதைப் பார்ப்பேன். சிரித்துக்கொண்டு நிற்கிறவர்களை நம்பமாட்டேன். அவ்வளவுதான். அதனால் எந்த நாளும் தோற்பது நான்தான்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முதல் ஐவரி கோஸ்ற்றில் நடந்த போட்டியில் எல்லாம் தலைகீழாக வந்தது. முதல் கிழமையிலேயே கேப் வேர்ட் என்ற குட்டித் தீவு கானாவை அடித்தது. நான் கேப் வேர்ட் என்றுதான் எழுதியிருந்தேன். காலையில் இடியப்பம் கொடுக்கப் போனால், காத்தான்குடி றோட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்கிறவர், என்னை விடமாட்டார். அவர் சவூதியில் பல வருஷம் இருந்து வந்தவர், மொரோக்கோ பக்கம்.

"தங்கச்சி, ஒங்கட வாயில வெசம் இரிக்கி. எங்கட மொரோக்கோவப் பத்தி மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதீங்க!"

"மொரோக்கோவும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்ட, நானா."

"யா அல்லாஹ்! இடியப்பத்த வெச்சிட்டுப் போங்க நீங்க."

பிறகு நமீபியா வந்தது. துனிசியாவோடு ஆட்டம். துனிசியா பெரிய கை, அவர் துனிசியா, நான் நமீபியா. காலையில் எழும்பிப் பார்த்தால் நமீபியா வென்றிருந்தது. அவருடைய குரல் செய்தியும் கிடந்தது.

"புள்ள, நீ வெண்டுட்டாய்! முடியப் போற நேரம் தலையால போட்டான் பாரு ஒரு கோல். நான் எழும்பின எழும்பில தேத்தண்ணி முழுக்கக் கட்டில்ல."

எனக்கு அரை நிமிஷம் சந்தோஷம். பிறகு மாவைக் குழைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த ஆட்டம் எங்களுக்கு இரவு பத்தரை, கட்டாரில் எட்டு மணி. அவர் பகல் இரண்டு மணிக்கு வேலைக்கு ஏறினால் இரவு பத்துக்குத்தான் இறங்குவார். எட்டு மணிக்குக் கம்பிக்கு மேலே நிற்க வேண்டிய ஆளின் தேத்தண்ணி எப்படிக் கட்டிலில் கவிழும்?

அதற்குப் பிறகு நான் ஆட்டம் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். அனுப்புகிற படமெல்லாவற்றிலும் ஒரே நீலப் போர்வை, ஒரே சுவர். தாடி வளர்ந்திருந்தது. வேலை சைற்றில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. வேறு பொம்பிளையா? பொலிஸா? உடம்புக்கு வருத்தமா? கால் முறிந்து கிடக்கிறாரா? மழை விடாமல் பெய்தது, வாவித் தண்ணி வேலிக் கால்வரைக்கும் வந்துவிட்டது, எனக்கு அதுகூட அப்போது பெரிய பயமாக இல்லை.

சோதித்துப் பார்த்தேன். அல்ஜீரியாவுக்கும் புர்கினா பாசோவுக்கும் ஆட்டம், எங்களுக்கு ஏழரைக்குத் தொடக்கம், அவருக்குப் பின்னேரம் ஐந்து. இடைவேளை நேரம் பார்த்து, "கரண்ட் இல்ல, இப்ப எத்தினை?" என்று குரல் போட்டேன். எங்கள் வீட்டில் கரண்ட் நன்றாகவே இருந்தது.

உடனே பதில் வந்தது. "ஒண்டுக்குச் சைபர் புள்ள. புர்கினாதான் முன்னுக்கு. இப்பதான் போட்டான்."

அவர் குரலுக்குப் பின்னால் ரீவியில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான், நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். இரண்டு நிமிஷம் போய் இன்னொரு செய்தி எழுத்தில் வந்தது: போர்மன்ட போனில பார்த்த. அந்தப் போர்மன் ஒருத்தரையும் போனைத் தொட விடமாட்டான் என்று மூன்று வருஷமாக என்னிடம் திட்டியவர் இவர்தான்.

மறுநாள் கடையில் இன்னொன்று விளங்கியது. நானா தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்பார்: "மச்சான் எப்ப வாறாராம் தங்கச்சி?" பத்துப் பன்னிரண்டு நாளாக அந்தக் கேள்வி இல்லை.

"நானா, அவர் எப்ப வாறாரெண்டு நீங்க இப்ப கேக்கிறல்ல."

அவர் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினார். ஆற்றின தேத்தண்ணியையே திரும்ப ஆற்றினார். "மழை தானே தங்கச்சி..."

"மழைக்கும் அதுக்கும் என்ன?"

"என்னக் கேக்காதீங்க. அவருக்கிட்டயே கேளுங்க. நான் வாக்குக் குடுத்த."

கூடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஊரில் ஒருவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதிலுக்குப் பயம். அடுத்த நாள் இரவு ஐவரி கோஸ்ற் ஈக்குவடோரியல் கினியாவிடம் நாலுக்குச் சைபர் என்று தோற்றது. போட்டியை நடத்துகிற நாடு, சொந்த மண். கிண்ணம் அவர்களுக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லி எழுத வைத்திருந்தார். காலையில் செய்தியைப் பார்த்ததும் நான் சிவப்புப் பேனையை எடுத்து அந்தப் பெயரைக் கீறி வெட்டினேன். தாள் கிழிகிற அளவுக்கு. படம் எடுத்து அனுப்பினேன்.

அவர் அழைத்தார். "ஏன் வெட்டின? அவங்க இன்னும் வெளிய போகல்ல. மூண்டாம் இடத்தில நிக்கிறாங்க. மத்த ஆக்கள்ட முடிவு வரணும்."

"நாலு வாங்கினவன் இனி எங்க போற?"

"சட்டம் எண்டா சட்டம் புள்ள."

"சட்டமா? நீங்க இப்ப எங்க இருக்கீங்க? எட்டு மணிக்குக் கட்டில்ல எப்பிடித் தேத்தண்ணி கவுண்ட? எனக்குப் படிப்பு இல்ல, மணிக்கூடு பாக்கத் தெரியும்."

பின்னால் ரீவிச் சத்தம் நின்றது. பிறகு சொன்னார். புது வருஷத்தோடு சைற்றை மூடிவிட்டார்களாம். அறையில் ஆறு பேரும் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், ரீவி மட்டும்தான் வேலை செய்கிறது. கொம்பனி இரண்டு வழி சொல்லியிருக்கிறது. வேலையை விடுகிறேன் என்று கையெழுத்து வைத்தால் ரிக்கற் போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். வைக்காமல் நின்றால், வேறு சைற் கிடைத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இல்லை.

"எனக்கேன் சொல்லல்ல?"

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல் எண்டதுக்கு நாலு நாள் நீ சாப்பிடல்ல. இதைச் சொன்னா இடியப்பக் கூடையோட கட்டார் எயார்போர்ட்ல வந்து நிப்பாய்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடிக்கவும் வந்தது. "நான் பயந்தவள்தான். மடைச்சி இல்ல."

"சரி. அப்ப நீயே சொல்லு. இந்த முறை நீ சொன்னதுதான் எல்லாம் நடக்குது. வரவா, நிக்கவா?"

ஆட்டங்களுக்குச் சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இதற்குப் பார்க்க முகம் இல்லை, கொம்பனிக்கு ஏது முகம். அலுமாரிக் கதவில் அந்தச் சிவப்புக் கீறுதான் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இதுவும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன்.

"வாங்க," என்றேன்.

அன்றே கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் மொரோக்கோ சாம்பியாவை வென்றது. அந்த முடிவால் ஐவரி கோஸ்ற் தப்பி உள்ளே வந்துவிட்டது. நானா கடையில் நின்று ஆடாத குறை. "எங்கட ஆக்கள்தான் காப்பாத்தின! நீங்க வெட்டிட்டீங்களாமே தங்கச்சி? மச்சான் சொன்ன." பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உதவியாளனை வைத்துக்கொண்டு, அந்த நாடு ஒவ்வொன்றாக வென்றுகொண்டு போனது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் நான் அலுமாரிக் கதவைச் சாத்தியே வைத்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நீலப் போர்வையும் வந்தது. ஆட்டம் முடிந்த காலை, நான் மாவு குழைக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினார். "ஐவரி கோஸ்ற்தான்," என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அதே கிழமை கமரூன்காரனின் குரல் செய்தி வந்தது. அவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அவர்களுடைய பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் சைற், ஓவர்டைம் என்ற சொற்கள் எனக்கும் தெரியும்.

"என்னவாம்?"

"சும்மா. சுகம் கேக்கிறான்." சிரித்தார்.

நின்ற ஐந்து பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று நானாவிடமிருந்துதான் அறிந்தேன்.

இப்போது அவர் நானாவின் வான் வண்டியில் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடுகிறார், வாழைச்சேனை வரைக்கும். காலையில் என் இடியப்பமும் அதில்தான் போகிறது. கவலையா என்று கேட்டால் இல்லை என்பார், சிரிப்பார். நான் அவர் தூங்கும்போதுகூட முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் திரும்பவும் ஆபிரிக்கக் கிண்ணம், இந்த முறை மொரோக்கோவில். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, கலண்டர் தாளை அவரே கிழித்து ஒட்டினார். எல்லா நாட்டையும் எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"கிண்ணம் ஆருக்கு? சொல்லு."

"முதல்ல நீங்க ஒண்டு சொல்லுங்க. அண்டைக்கு நான் வாங்க எண்டு சொல்லாட்டி, நிண்டிருப்பீங்களா?"

பெனால்டிக்கு நிற்கிற கோலிபோல் என் கண்ணையே பார்த்தார்.

"ஓம். நிண்டிருப்பன்."

சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் சொன்னதில் நான் அப்படியே நம்பியது அது ஒன்றைத்தான். பேனையை வாங்கினேன். மூடியைக் கழற்றினேன், திரும்ப மூடினேன்.

"எழுது புள்ள," என்றார். "பிழைச்சாப் பிழைக்கட்டும்."