போனாளா, போய்ச் சேர்ந்தாளா?

நேற்று டிவியில் அந்தத் தொடர் ஒரு கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. பெயர்களெல்லாம் ஓடி மறைந்து, அடுத்து சோப்பு விளம்பரமும் வந்துவிட்டது. நான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அத்தே, முடிஞ்சிருச்சு. இன்னும் யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்றாள் மருமகள்.

"கோமதி என்ன ஆனான்னு காட்டவே இல்லயே."

"அதான் கல்யாணம் ஆயிருச்சே!"

அவளுக்கு அது முடிவு. எனக்குத் தெரிந்த கதையில் கல்யாணம் பாதி வழிதான். மாமியார் வீடு, பட்டினி, காய்ச்சல் எல்லாம் அதற்குப் பிறகு வரும். பழைய நாவல்களைத் தொடராக எடுக்கிறவர்கள் எதை வைத்துக்கொள்கிறார்கள், எதைக் கழித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. நகையில் ஒன்றும் குறையில்லை. கதையில் இல்லாத நகைகூட வந்துவிட்டது. நாவலில் கோமதி ஒரே புடவையைக் கிழிசல் தெரியாமல் உள்ளே மடித்துக் கட்டுவாள். இங்கே தூங்கும்போதும் பட்டு. சரி போகட்டும், இந்த வயதில் குறை சொல்வதைத் தவிர எனக்கும் வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் அந்தக் கடைசி அத்தியாயத்தை, பாவாடை கட்டிய காலத்திலிருந்து மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதைப் போய் விட்டுவிட்டார்களே.

மருமகள் எழுந்து போய்க் குழம்புக்குப் புளி கரைக்க ஆரம்பித்தாள். அந்த வாசனை வந்ததும் எனக்கு ஓசூர்ப் பக்கத்து மூக்கண்டப்பள்ளிக் களம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஐம்பதுகளில் அங்கே கம்பெனி என்ற பேச்சே கிடையாது. கேழ்வரகுக் கொல்லைகளும் புளியமரங்களும்தான். மாசி, பங்குனி வந்தால் எங்கள் களத்தில் புளி குவிந்து கிடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். நகக்கண் எரியும். எரிச்சல் தெரியாமல் இருக்க அம்மா கதை படிப்பாள். கோமதி கதை அப்போது பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஓசூர் வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வாராவாரம் வரும் பத்திரிகை அது. பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புளிக்கறை பட்டால் அடுத்த வாரம் கிடைக்காது. அதனால் அம்மா மட்டும் புளியைத் தொடமாட்டாள். பெரியவளானால் கதை படிக்கும் வேலைக்குத்தான் போவது என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். வாய்த்தது என்னவோ புளிதான்.

அம்மா சேலத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த பிறகுதான் தெலுங்கு பழகினாள். தமிழில் இரண்டு வரி படிப்பாள். உடனே அதைத் தெலுங்கில் சொல்வாள். கன்னடக்காரப் பெண்கள் இரண்டுக்கும் நடுவில் எதையோ பிடித்துக்கொள்வார்கள். யோசித்துப் பார்த்தால், ஒரே களத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கதை கேட்டுவிட்டுப் போயிருக்கிறோம்.

அந்தப் பெண்களில் நாகம்மா தெலுங்குக்காரி, எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவள். அவளுடைய ஒரே மகள் லச்சுமி கட்டட வேலைக்கென்று ஒரு மேஸ்திரியோடு பெங்களூர்ப் பக்கம் போனாள். போனவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பக்கத்து ஊர் ஜூஜுவாடி வண்டிக்காரர் ஒருவர் அவளைச் சந்தையில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், காலராவில் செத்துவிட்டதாகக் கேள்வி என்றார். நாகம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். மகளைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். கோமதியைப் பற்றி மட்டும் ஓயாமல் கேட்பாள். கோமதி என்று சொல்லமாட்டாள், பாப்பா என்பாள். "பாப்பா தின்னிந்தா?" சாப்பிட்டாளா என்று அர்த்தம். கதையில் இருக்கிறதோ இல்லையோ, அம்மா "தின்னிந்தி" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே படிப்பாள்.

கடைசி வாரமும் வந்தது. கோமதி காய்ச்சலில் கிடக்கிறாள். கூட்டிப்போக அண்ணன் வண்டி கொண்டுவந்திருக்கிறான். 'வாசலில் வண்டி காத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் கோமதி போய்விட்டாள்.' அதற்குக் கீழே 'முற்றும்' என்று போட்டிருந்தது.

புளி தட்டும் சத்தம் நின்றுபோயிற்று. எல்லோரும் அம்மாவின் வாயைப் பார்த்தார்கள்.

"போயிந்தா?" என்றாள் நாகம்மா.

தெலுங்கில் வெறுமனே 'போயிந்தி' என்றால் செத்துப்போனாள் என்றும் ஆகிவிடும். முன்னால் ஒரு 'எள்ளி' சேர்த்து 'எள்ளிபோயிந்தி' என்றால் கிளம்பிப் போனாள், அவ்வளவுதான். தமிழில் எழுதியவருக்கு எங்கள் ஊர் வம்பு தெரிய நியாயமில்லை. அம்மா பத்திரிகையைப் பார்த்தாள். பிறகு நாகம்மாவைப் பார்த்தாள்.

"எள்ளிபோயிந்தி நாகம்மா. பண்டி எக்கி எள்ளிபோயிந்தி." வண்டி ஏறிப் போய்விட்டாளாம்.

பக்கத்தில் இருந்த கன்னடக்காரப் பெண்ணுக்கு அந்த 'எள்ளி', அவள் மொழியில் 'எங்கே' என்று காதில் விழுந்தது. "எல்லிகோ, நமகேனு கொத்து?" என்றாள். எங்கேயோ, நமக்கென்ன தெரியும்! களமே சிரித்தது. நாகம்மாவும் சிரித்தாள். லச்சுமி போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "ஒஸ்துந்தி, ஒஸ்துந்தி," வருவாள் வருவாள் என்று சொல்லிக்கொண்டே புளியைத் தட்டினாள்.

வெகுகாலம் கழித்து அம்மாவிடம் கேட்டேன். "கோமதி போனாளா, போய்ச் சேர்ந்தாளா?"

"எனக்கெப்படிடீ தெரியும்? அவரு எழுதுனது அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு எள்ளின்னு சேத்துச் சொன்ன?"

"நாகம்மா மூஞ்சிய நீ பாத்தியா? நீ புளியத்தான பாத்துட்டிருந்த?"

பேத்தி எங்கேயோ தேடிப் பிடித்து அந்த நாவலைப் புத்தகமாக வாங்கிக் கொடுத்தாள். அதிலும் அதே வரி, அதே 'முற்றும்'. டிவியில் வருகிறது என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. எழுதுகிறவர் 'போய்விட்டாள்' என்று தப்பித்துக்கொள்ளலாம், படம் எடுக்கிறவர் என்ன செய்ய முடியும்? ஒன்று அந்தப் பெண் கண்ணை மூட வேண்டும், இல்லை வண்டி ஏற வேண்டும். இப்படி நினைத்துத்தான் தினமும் உட்கார்ந்தேன். அவர்கள் தப்பிப்பதற்குக் கல்யாண மண்டபம் இருந்திருக்கிறது.

கம்பெனிகளுக்காக நிலம் எடுத்தபோது அங்கே இருந்தவர்களுக்குத் தள்ளி வேறு இடம் கொடுத்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். நாகம்மா மட்டும் குடிசையை விட்டு நகரமாட்டேன் என்றாள். அம்மாவே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். நாகம்மா ஒரே கேள்விதான் கேட்டாளாம்: "பாப்பா ஒஸ்தே?" பாப்பா வந்தால்? அன்று அம்மா சாப்பிடவில்லை. 'எள்ளி' சேர்த்துச் சொன்னது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. களத்தில் அன்று கோமதி செத்துப்போனாள் என்றே சொல்லியிருந்தால், நாகம்மா அழுது தீர்த்துவிட்டு எல்லோரோடும் போயிருப்பாளோ? அல்லது அன்றே முடிந்திருப்பாளோ? சுற்றிலும் வீடுகளைப் பிரித்துவிட்ட வெட்டவெளியில் தனியாக இருந்து, அங்கேயே செத்தாள். பிறகுதான் குடிசையைப் பிரித்தார்கள்.

போன மாதம் அந்த வழியாகப் போனோம். களம் இருந்த இடம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு புளியமரம்கூட மிச்சமில்லை. நீளமான சுவர், ஒரு கேட், அதற்கு எதிரே பேருந்து நிறுத்தம். காவலுக்கு நின்ற பையனுக்கு இந்தி மட்டும்தான் தெரிந்தது. லச்சுமி உயிரோடு இருந்தால் என்னைவிட மூத்த கிழவியாக இருப்பாள். ஒருநாள் அவள் அந்த நிறுத்தத்தில் வந்து இறங்கினாலும், உன் அம்மா இங்கேதான் உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.