அக்காவின் தலைக்குள் நான் போட்ட பூட்டு

என் அக்காவின் மூளைக்கட்டியைப் பற்றி நான் பொய் சொன்னேன். மருத்துவர் "தெரியவில்லை" என்றார். நான் அதை "தெரிந்துவிட்டது" என்று தமிழாக்கினேன்.

அறியாமையால் அல்ல. அப்படி எண்ணி என்னை மன்னிக்க முற்படாதீர்கள்!

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்து என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தவள் அவள். அவளுக்கு வலிப்பு வந்தது. கோலாலம்பூரில் கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதித்தார்கள். முடிவைக் கேட்க நான் உடன் சென்றேன்.

மருத்துவர் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். இது மெதுவாக வளரும் வகை. ஆனால் நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரியும் இரு கட்டிகளில் ஒன்று பல்லாண்டு உறங்கலாம். மற்றொன்று சீறி எழலாம். மரபணுக்களின்மேல் மெத்தில் என்னும் வேதிக்கூறு ஒட்டிச் சிலவற்றைப் பூட்டிவிடுகிறது. கட்டியைத் தடுக்கும் மரபணுவே பூட்டப்படுவதும் உண்டு. அந்த அடையாளத்தைக் கொண்டு கட்டியின் போக்கை ஒருநாள் முன்னறிய முடியலாம். இன்று ஆய்வுதான் நடக்கிறது. ஆகவே தவறாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அக்கா என் சட்டைக் கையை இழுத்தாள். "இவ்ளோ நேரம் என்னடா பேசுறாரு? நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லு லா."

நான் பட்டிமன்றப் பேச்சாளன். மேடையில் "இருக்கலாம்" என்பவன் தோற்றவன். எனக்குப் பயிற்றுவிக்கப்பட்டது அதுதான்...

"கட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்குக்கா. மெத்தில் பூட்டு. இனி வளராது."

"அப்ப ஒன் பொண்டாட்டிகூட சண்ட போட நான் இருப்பேன்."

அவள் சிரித்தாள். அத்தோடு நிறுத்தினேனா? தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம்: வெல்வது விதியா, அறிவியலா? முன்வரிசையில் அமர்ந்திருந்த அக்காவையே சான்றாக்கினேன். "விதியின் வாயில் மெத்தில் பூட்டு!" என்று முழங்கினேன். அக்காவை வேலை வாங்கும் மண்டோர்கூட எழுந்து கைதட்டினார். கோப்பை எனக்கு.

அடுத்த ஸ்கேனுக்கு அவள் போகவில்லை.

"அதான் பூட்டியாச்சுன்னு ஊருக்கே சொல்லிட்டியே. வேலைய விட்டுட்டு கேஎல் ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா அலையணும்?"

நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தால் அந்தக் கைதட்டல் முழுவதும் பொய்யாகிவிடும். கைதட்டலுக்காக... உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறதா? எனக்கு நாள்தோறும் இருக்கிறது.

பிறகு அவளுடைய வலக்கை செயலற்று விழுந்தது. கட்டி எழுந்துவிட்டது, இனி அதிகம் செய்வதற்கில்லை என்றார் மருத்துவர். முன்பே ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டார். தோட்டத்தில் விடுப்புத் தரவில்லை என்றேன். நிர்வாகத்தின்மீது எத்தனை மேடைகளில் சீறியிருக்கிறேன்! அந்தச் சீற்றத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டேன், கோழை.

நேற்று அக்கா இடக்கையால் தேநீர்க் குவளையைப் பிடித்தபடி, சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"தம்பி... போன மழையில பால் வாளியோட வழுக்கி விழுந்தேன்ல... அப்பத்தான் அந்தப் பூட்டு ஒடஞ்சிருக்குமா? நான்தான் பாத்து நடக்கலையோ?"

அவள் கண்கள் என் வாயையே பார்த்திருந்தன. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது.

"இருக்கலாம்க்கா," என்றேன்.