பாதியில் நின்ற பாட்டு

1954. காலையில் திருவனந்தபுரத்தில் ஒரு திரையரங்கின் மேலாளர் பதவிக்கான திறனறித் தேர்வு எழுதினேன். மாலையில் பாறசாலைக் கொட்டகையில் மனைவியுடன் படம் பார்த்தேன். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய எல்லைப் போராட்டம் காரணமாகப் போலீசார் வந்து, ஒரு பாட்டின் நடுவே படத்தை நிறுத்தினர்.

அந்தப் பாட்டை நான் கவனிக்கவில்லை. என் விடைகளையே மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 'ஒரு படம் மிக நீளமானால் எதை வெட்டுவீர்கள்?' என்பது ஒரு கேள்வி. 'பாடல்களை' என்று எழுதியிருந்தேன். வீடு திரும்பும் வழியில் அதை அவளிடம் சொன்னேன்.

"பாட்ட வெட்டினா பின்ன படத்துல என்ன உண்டு? நல்ல மேனேஜராக்கும்!" என்று சிரித்தாள். பிறகு, "அந்தப் பாட்டுக்க மிச்சம் எப்பிடி இருக்கும்?" என்றாள்.

வேலை கிடைத்தது. பணி ஓய்வும் பெற்றேன். அந்தப் பாதி மெட்டை மட்டும் அவள் அடுப்படியில் முனகிக்கொண்டே இருந்தாள்.

சென்ற மாதம் நெய்யாற்றின்கரை மருத்துவமனையில், நினைவு மங்கிய நிலையிலும் அதையே முனகினாள். பாதியில் நிறுத்தி, "மிச்சத்தப் பாடுங்க" என்றாள். மீண்டும் கேட்டாள். வேறு வழியின்றி எனக்குத் தெரிந்த ஒரே மெட்டை முனகினேன்.

"இது சர்ச்சுப் பாட்டாக்கும்" என்று கண்களை மூடிக்கொண்டாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். தேர்வில் எந்தக் கேள்வியையும் நான் விடையின்றி விட்டதில்லை.

செய்யாமல் விட்டவை:
அந்தப் படத்தின் பெயரை விசாரிப்பது.
மீதிப் படத்தை அவளுடன் பார்ப்பது.
பாட்டின் மிச்சத்தைக் கற்றுக்கொள்வது.