மூடியில் முகம் தெரியக் கூடாது

மேஜையோரம் ஒரு வெள்ளைப் போர்வை நின்றுகொண்டிருக்கிறது. போர்வைக்குள் அக்கா. நடுவில் வெட்டிய சின்ன ஓட்டை வழியாகக் கைபேசியின் கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. எதிரே, வெள்ளைத் தாளின் மேல் பளபளவென்று ஒரு எவர்சில்வர் மூடி. "ஏங்க, அந்த லைட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. உங்க மூக்கு தெரியுது பாருங்க!" என்று போர்வை அதட்டுகிறது. கணவர் மூக்கைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்.

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் இவரைத் தெருவில் எல்லோரும் 'மூடி அக்கா' என்பார்கள். இணைய ஏலத் தளம் ஒன்றில் மூடி விற்கிறார். பாத்திரம் கிடையாது, மூடி மட்டும். முன்பு பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடியபோது, கிடங்கில் இருப்பதை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அன்றைக்குப் பார்த்து அக்கா கணவரோடு ஆஸ்பத்திரியில். வேன் ஓட்டி ஓட்டி அவர் முதுகு போய்விட்டிருந்தது. மறுநாள் போனபோது, ஜோடி தொலைத்த மூடிகள் இரண்டு சாக்கு மட்டும் மிச்சம். வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டு வந்திருப்பார்கள். அக்கா ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"பாத்திரம் எங்கயும் போகாது தம்பி. மூடிதான் காணாமப் போகும். மூடி தொலைக்காத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம்" என்பார். உண்மைதான். அவர் வந்த பிறகு என் சமையலறையில் தட்டைக் கவிழ்த்து மூடிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை. இதற்காக நான் அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஏலத் தளத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மாமியார்'. "மாமியார் இன்னைக்கு மூணு படத்தைத் திருப்பி அனுப்பிட்டா" என்றால், பின்னணி முழு வெள்ளையாக இல்லை என்று பொருள். தலைப்பில் 'அபூர்வமான' என்று போடக் கூடாது. 'முழுமையற்ற பொருள்' சமையல் பகுதியில் வரக் கூடாது. உதிரிபாகம் என்ற மூலைக்குத்தான் போகவேண்டும். அங்கே ஸ்கூட்டர் கண்ணாடிக்கும் மோட்டார் வாஷருக்கும் நடுவே அக்காவின் மூடிகள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்கின்றன. செய்திப் பெட்டியில் இரண்டு மூன்று அளவுகளைச் சேர்த்து எழுதினால், போன் நம்பர் என்று நினைத்து அழித்துவிடுகிறது. அதனால் எல்லா அளவையும் எழுத்தில் எழுதுகிறார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வம்பு முகம். படத்தில் மனித முகம் இருக்கக் கூடாது என்பது விதி. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய மூடியில் படம் எடுப்பவர் முகம் தெரியாமல் எப்படி இருக்கும்? முதல் எச்சரிக்கை அதற்குத்தான் வந்தது. "பெரிய கடைக்காரங்க குக்கரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு சிரிக்கிற மாதிரி படம் போடுறாங்க. அது பரவாயில்லையாம். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்!" என்று பொரிந்தார். அன்றைக்குப் பிறந்ததுதான் இந்தப் போர்வை.

இரண்டாவது எச்சரிக்கை அவரை உண்மையிலேயே அழவைத்தது. ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டுத் தாள் வைப்பார். 'ரொம்ப நன்றி. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் கூப்பிடுங்கள்' என்று எழுதி, கீழே போன் நம்பர். வாங்குபவரைத் தளத்துக்கு வெளியே இழுக்கிறாராம்! "நன்றி சொன்னது ஒரு குத்தமா தம்பி?" என்று அந்த அறிவிப்பை என்னிடம் நீட்டினார். படித்துப் பார்த்தேன். பார்சலுக்குள் எந்தத் தாளும் வைக்கக் கூடாது, மூன்றாவது எச்சரிக்கையோடு கணக்கு மூடப்படும் என்று இருந்தது.

கணக்கை மூடினால் வீட்டில் உலை வைப்பது கஷ்டம். ஆனாலும் அவர் வாயிலிருந்து தளத்தைப் பற்றி முழு வசவு வந்ததில்லை. "கரிச்சுக் கொட்டுவேன்தான். ஆனா இவரை இப்படிப் போட்டுட்டு நான் எந்தக் கடையில போய் நிப்பேன்? உக்காந்த இடத்துல சோறு போடுறா, மகராசி" என்று கைபேசியைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிடுவார்.

போன மாதம் அந்த மூன்றாவது எச்சரிக்கை வாசல்வரை வந்துவிட்டது. மூடியை அளக்க அக்கா, தன் மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த டிவைடரைத்தான் வைத்திருக்கிறார். மூடியின் உள்விளிம்பில் இரண்டு முனையையும் வைத்து அளப்பார்; பாத்திரத்தின் வாய்க்குள் உட்காரும் பகுதி அதுதானே. அன்று அதைக் காணோம். அவசரத்தில் டேப்பை வைத்து வெளிவிளிம்பை அளந்து, அந்த அளவையே போட்டுவிட்டார். ஒரு கெட்டிலுக்கு என்று யாரோ ஒரு அம்மா வாங்கினார். பார்சல் போன பிறகு, கணவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுவிட்டுச் சாவகாசமாக டிவைடரைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"மூடி கெட்டிலுக்குள்ளயே விழுந்துடுமே!"

விவரத்துக்கு மாறான பொருள் என்று அந்த அம்மா ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், கதை முடிந்தது. கணவர் மெல்லச் சொன்னார், "கம்முனு இரு. அவங்க கண்டுக்காமலும் போகலாம்." அக்கா கேட்கவில்லை. "மூடி வரும்னு நம்பிக் காத்துக்கிட்டு இருப்பாங்கங்க" என்று சொல்லி அவரே எழுதினார். 'அளந்தது என் தப்பு. திருப்பி அனுப்பிடுங்க, மன்னிச்சுக்கோங்க.'

அதன்பிறகு கைபேசி கூவும்போதெல்லாம் அவருக்குத் தூக்கிவாரிப் போடும். கையில் எடுத்தால் கெட்ட செய்தி வரும் என்று அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, தூர நின்று எட்டிப் பார்ப்பார். அந்த நாட்களில் போர்வையும் கொடியிலேயே தொங்கியது. எனக்கே மாடியில் இருப்புக் கொள்ளவில்லை.

பதில் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். என்னிடம் கைபேசியைத் தள்ளிவிட்டு, "நீங்களே படிங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படித்தேன்.

'கெட்டிலுக்கு உக்காரலைங்க, உள்ள விழுந்துடுச்சு. ஆனா எங்க பால் பாத்திரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. அதுவும் மூடி இல்லாமத்தான் கிடந்துச்சு. நீங்களா முன்னாடி வந்து சொன்னீங்க பாருங்க, யாருங்க சொல்றாங்க? கெட்டிலுக்கு இன்னொண்ணு அனுப்புங்க, வாங்கிக்கிறேன்.' கூடவே ஐந்து நட்சத்திரமும், ஒரு படமும். பால் பாத்திரத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது மூடி.

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கினார். மூடியின் பளபளப்பில், கைபேசியைப் பிடித்தபடி, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க! அந்தம்மா முகம் தெரியுது!" என்று கூப்பிட்டவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மெதுவா. மாமியார் பாத்துடப் போறா." கண்ணில் தண்ணீர் நிற்க, மூவரும் அப்படிச் சிரித்தோம்.

அன்றைக்கே கெட்டில் மூடி ஒன்றைத் தேடி எடுத்து, டிவைடரால் இரண்டு தடவை அளந்தார். கொடியிலிருந்து போர்வையை இறக்கி, முகம் தெரியாமல் படம் எடுத்தார், ஏற்றினார். அந்த அம்மா வாங்கியும்விட்டார். கட்டுவதற்காகக் கணவர் பழைய செய்தித்தாளை விரித்தார். "குப்புறப் போட்டுக் கட்டிடவா?" என்று கேட்டார்.

"இருங்க, இருங்க" என்ற அக்கா, மூடியை வாங்கி முந்தானையால் ஒருமுறை துடைத்தார். கலைந்திருந்த முடியை ஒதுக்கினார். மூடியை முகத்துக்கு நேரே பிடித்து, வாய் நிறையச் சிரித்தார். சிரிப்பு மாறுவதற்குள் தாளைப் போட்டு மடக் மடக்கென்று சுற்றிவிட்டார்.