ஒண்ணுக்கு மேல் எண்ணாத முத்துராணி

"ஒண்ணு" என்கிறாள் முத்துராணி. பிருந்தா பளுதூக்கும் ராடை நெஞ்சுவரை தூக்கி இறக்குகிறாள். "ஒண்ணு." மறுபடியும் தூக்குகிறாள். "ஒண்ணு." வேடிக்கை பார்க்க வரும் நானும் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். ஏழாவது தடவைக்கும் ஒண்ணுதான். எட்டாவதில், சும்மா நின்ற எனக்கே மூச்சு வாங்கியது.

முக்கூடலில் ஒரு பழைய பீடி குடோன். புகையிலை வாடை இன்னும் போகவில்லை. எனக்குத் தும்மல் அடுக்கடுக்காய் வரும்; பிள்ளைகளுக்கு அது வீட்டு வாசனை. பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் முத்துராணியிடம் பளுதூக்கப் பழக வருகிறார்கள். அசல் ராடு ஒன்றே ஒன்று, கல்லூரியில் கழித்துப் போட்டது. மற்ற எடையெல்லாம் எண்ணெய் டின்னில் சிமெண்ட் ஊற்றி முத்துராணியே செய்தவை.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. பகலில் லோடு ஆட்டோவில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறாள். தோளுக்கு ஒரு கேனாக மாடிப்படி ஏறிக்கொண்டே ஹெட்செட்டில் அம்மாவோடு சண்டையும் போடுவாள். ஐந்து மணிக்கு அந்த ஆட்டோ குடோன் வாசலில் வந்து நிற்கும். இறங்கும்போது கையில் ஒரு தூக்குச்சட்டி, அது நிறைய அவித்த முட்டை. "முட்டைய முழுங்குட்டி மொதல்ல, பேச்சப் பொறவு வச்சுக்கிடலாம்" என்று ஒவ்வொரு வாயிலும் திணித்துவிட்டுத்தான் மறுவேலை.

"உனக்கு ரெண்டு, மூணெல்லாம் வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வராம என்ன அண்ணாச்சி, நானும் பீடி சுத்துன கைதான? இருவத்தஞ்சு ஒரு கட்டு, நாப்பது கட்டு ஆயிரம். கண்ண முழிச்சா எண்ணிக்கை, கனவுலயும் எண்ணிக்கை. இதுகளும் அப்படித்தான் கெடக்குதுக. இங்கன வந்தும் எண்ணணுமாக்கும்? இப்ப தூக்குதது ஒண்ணு. மிச்சத்தப் பொறவு பாத்துக்கிடலாம்."

பிருந்தா பத்தாம் வகுப்போடு நின்று, மடியில் முறத்தோடு பீடி சுற்ற உட்கார்ந்தவள். போன வருடம் இங்கே வந்தபோது கழுத்து குனிந்தே பழகியிருந்தது. யார் என்ன கேட்டாலும் அவர்கள் காலுக்குத்தான் பதில் சொல்வாள். இப்போது என் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள்: "அண்ணாச்சி, ராடுகிட்ட போகாதிய. அது ஒங்களத் தூக்கிரும்."

போன மாதம் பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி. அறுபது கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்திவிட்டால் பிருந்தாவுக்கு விளையாட்டு விடுதியில் இடம். அங்கேயே தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கலாம். அவள் அம்மா ஆவுடைத்தாய் கறாராகச் சொல்லியனுப்பியிருந்தார்: "கெடச்சா போட்டும். கெடைக்கலன்னா இந்தக் கூத்த விட்டுட்டு ஒழுங்கா பீடி இலைய வெட்டட்டும்."

மூன்று வாய்ப்பு. முதல் தடவை ராடு நெஞ்சோடு நின்றுவிட்டது. இரண்டாம் தடவை தலைக்கு மேல் போய்ப் பின்பக்கம் விழுந்தது. "மூன்றாவது வாய்ப்பு, இதுதான் கடைசி" என்று மைக்கில் வேறு அழுத்திச் சொன்னார்கள். பிருந்தாவின் கழுத்து பழையபடி குனிந்துவிட்டது.

முத்துராணி கத்தவில்லை. ஓரத்தில் நின்றபடி ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பிருந்தா அதைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள், அந்த நேரத்தில் போய். சிரித்த முகத்தோடேயே ராடைப் பிடித்தாள். அது நெஞ்சுக்கு வந்தது, தலைக்கு மேல் போனது, அங்கேயே நின்றது. நடுவர்கள் மூவரும் 'செல்லும்' என்று வெள்ளைக் கொடியைத் தூக்குவதற்குள் முத்துராணி அழுதுகொண்டிருந்தாள். நானும்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவர்கள் இருவருக்கும் சீட் கிடைத்தது. நான் என் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் முத்துராணியிடம் வந்து, "ஒங்களுக்கு எத்தனம்மா?" என்றார். முத்துராணி பழக்க தோஷத்தில் ஒரு விரலைத் தூக்கினாள்.

"அப்ப நான் எறங்கி நடந்து வரவாக்கா?" என்றாள் பிருந்தா.

முத்துராணி தன் விரலையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதன் பக்கத்தில் இன்னொரு விரலையும் மெதுவாக நிமிர்த்தினாள்.